எக்ஸ்போர்ட் பேக்கிங்

முதலில் கருவாட்டின் மேல்தான் பழி விழுந்தது.

செவ்வாய்க்கிழமை எழிலரசிக்கு வார ஓய்வு. கத்திரி தொடங்கி ஒன்பதாம் நாள். ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி உள்ளே இரண்டு கிலோமீட்டர் போனால் வரும் அந்தத் தெருவில் மதியம் ஒரு மணிக்கு ஆள் நடமாட்டமே இல்லை. நாய்கள்கூட கால்வாய்க்குள் இறங்கிப் படுத்துவிட்டன. வாரத்தில் இந்த ஒரு நாள்தான் நின்று நிதானமாகச் சமைக்க முடிகிறது என்று அவள் நெத்திலிக் கருவாட்டைத் தக்காளியோடு வதக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் ஒன்றாம் வகுப்புக்குப் போகப்போகும் மகன் இனியவன், சிமெண்டுத் தரையில் தண்ணீரைக் கொட்டி அதன்மேலேயே படுத்துக் கிடந்தான்.

மாடியில் வாடகைக்கு இருக்கும் இசக்கிதுரை இறங்கி வந்து வாசலில் நின்றான். கண் இரண்டும் கோவைப்பழம்.

"எக்கா, என்ன சமைக்கிய?"

"கருவாடுடா. வோணுமா?"

"அதில்லக்கா. மேல ஒரு வாட அடிக்கி. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்தா ஒரு பொட்டு தூக்கம் வரமாட்டங்கு. கண்ணு எரியுது, தொண்ட கமறுது. மொதல்ல சந்தனமாரி சாக்ஸுன்னு நெனச்சோம். அத எடுத்து கொடியில போட்டாச்சு. அப்பவும் அடிக்கி. ஒங்க கருவாடு இப்பந்தான அடுப்புல ஏறுது, காலையிலயே அடிச்சுதே!"

"எலி செத்துக் கெடக்கும்டா."

"எலி வாட எனக்குத் தெரியாதாக்கா? இது வேற மாதிரி."

எழிலரசி அடுப்பை அணைத்தாள். ஆறு வருடமாக ஒரு தொழிற்சாலையின் பெயிண்ட் ஸ்டோரில் ஒப்பந்த வேலை அவளுக்கு. தின்னர் டின்களுக்கு நடுவில் எட்டு மணி நேரம் நிற்கிறவள். எந்த டின் கசிகிறது என்று மோந்தே சொல்லிவிடுவாள் என்பதால்தான் அவளை அந்தப் பிரிவுக்கு ஃபயர் மார்ஷலாகவும் போட்டு, கையில் ஆரஞ்சுப் பட்டி கட்டிவிட்டிருந்தார்கள். மாதம் ஒரு முறை மாக் டிரில் என்று தீ ஒத்திகைக்குச் சங்கு ஊதும். எல்லோரையும் வெளியே கூட்டிப்போய் மரத்தடியில் நிற்க வைத்துத் தலை எண்ண வேண்டும். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, ஒரு பாக்கெட் பிஸ்கட் உண்டு.

மாடி என்றால் பெரிய மாடி இல்லை. கீழே அவர்கள் இருக்கும் இரண்டு அறைகளுக்கு மேல் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி, தகர ஷீட் போட்டது. பெரிய அறையில் இசக்கிதுரையையும் சேர்த்து எட்டுப் பேர். எல்லோரும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள். மூன்று பேருக்குப் பகல் வேலை, ஐந்து பேருக்கு இரவு வேலை. அந்த ஐந்தில் சந்தனமாரி மட்டும் அன்று டபுள் ஷிப்ட் என்று கம்பெனியிலேயே தங்கிவிட்டான். பெரிய அறையை ஒட்டி ஒரு சின்ன அறை. தட்டுமுட்டு சாமான் போட்டுப் பூட்டி வைத்தது.

படியேறும்போதே எழிலரசிக்குப் புரிந்துவிட்டது. நனைந்து காயாத சாக்ஸோடு பேட்டரி ஆசிட்டைக் கலந்த மாதிரி ஒரு காட்டம், மூக்கின் உள்ளே போய்க் குத்தியது. அது சின்ன அறையிலிருந்துதான் வந்தது. பூட்டைத் திறந்தாள். உள்ளே நிற்க முடியாத அனல். தலைக்கு மேல் ஷீட் வெயிலில் விரிந்து டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

மரப்பலகையின் மேல் ஐந்து பொட்டலங்கள் வரிசையாக இருந்தன.

அவை என்ன என்று அவளுக்குத் தெரியும். கணவன் டில்லிபாபுவின் அப்பா படப்பெட்டி தூக்கியவர். சினிமா கம்பெனியிலிருந்து தியேட்டருக்கு, அங்கிருந்து அடுத்த தியேட்டருக்கு என்று பஸ்ஸிலும் சைக்கிளிலும் பெட்டியோடு அலைகிற உத்தியோகம். எப்போதோ மூடிய ஒரு தியேட்டரின் பின்னறையில் கிடந்த பழைய சுருள்களைத் தகர டப்பாக்களோடு கொண்டுவந்து போட்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் அவர் போனபோது படப்பையில் இருந்த மனை அண்ணன் மோகனுக்கு என்று ஆயிற்று. "நீதான அப்பாவுக்கு செல்லம், பொட்டிய நீயே வெச்சுக்க" என்று ஊர் நடுவில் சொல்லி டில்லிபாபுவிடம் டப்பாக்களைத் தள்ளினான் மோகன். அன்று எல்லோரும் சிரித்தார்கள். டில்லிபாபு மட்டும் சிரிக்கவில்லை. அந்த டப்பாக்கள் மனையைவிடப் பெரியவை என்று ஒரு நாள் காட்டியாக வேண்டும் என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

அவனுக்கு வேலை கியர்பாக்ஸ் பேக்கிங். கப்பலில் மூன்று மாதம் போகிற சாமானில் ஒரு துளி ஈரம் ஏறக்கூடாது, ஒரு தூசு விழக்கூடாது. அதில் அவன் கெட்டிக்காரன், மறுப்பதற்கில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அவன் கை நிற்காது. டிவி ரிமோட்டுக்குச் சுற்று, கல்யாண ஆல்பத்துக்குச் சுற்று, நாற்காலிக்குச் சுற்று. மிக்சி மூடியைப் பிரிக்க எழிலரசிக்கு ஒவ்வொரு முறையும் கத்தி தேவைப்படும். பையன் பிறந்தபோது, "நல்ல வேளை, புள்ளைக்கு மூச்சு விட வழி வுட்டான்" என்று மாமியார் வீட்டில் கேலி பேசினார்கள்.

இந்த ஐந்தையும் அவன் தன் வித்தை முழுவதையும் காட்டிக் கட்டியிருந்தான். துருப்பிடிக்காமல் காக்கும் காகிதம், ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலம், அதற்கு மேல் பளபளவென்று பிளாஸ்டிக், ஓரமெல்லாம் டேப். 'மேல்பக்கம்' என்று அம்புக்குறி. 'கவனமாகக் கையாளவும்'. பெறுநர்: மெர்சி, பழைய படப் பாதுகாப்பு, சென்னை. கீழே கைப்பேசி எண். ஆனால் பிளாஸ்டிக்கின் உட்புறம் இப்போது மஞ்சள் பாரித்திருந்தது. பழுப்பு நீர் கோடு கோடாக வழிந்து அடியில் தேங்கியிருந்தது. கடைசிப் பொட்டலம் உப்பியிருந்தது. எழிலரசி புறங்கையை அதன்மேல் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

டில்லிபாபுவுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. லைனில் நிற்கும்போது கைப்பேசி லாக்கரில்தான் இருக்கும். பொட்டலத்தில் இருந்த எண்ணைப் பார்த்து அடித்தாள்.

"நான் டில்லிபாபு சம்சாரம் பேசறேங்க. ஒரகடத்துலேர்ந்து. பொட்டி மேல உங்க நம்பர் எழுதிக் கீது."

"ஆமாம்மா, மெர்சிதான் பேசறேன். சனிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்னு சொல்லியிருந்தேனே."

"நாத்தம் அடிக்குதுங்க. ஆசிட் நாத்தம். பழுப்பா தண்ணி வுடுது."



"எங்க வெச்சிருக்கீங்க?"

"மாடியில. தகர ஷீட்டுக்கு கீழ."

"தொட்டா சூடா இருக்கா?"

"இட்லிப் பானை மாதிரி கீது."

"அம்மா, நான் சொல்றத கவனமா கேளுங்க. அது எழுபத்தஞ்சு, எம்பது வருஷத்து ஃபிலிம். நைட்ரேட். வெடிமருந்துக்கு ஒண்ணு விட்ட தம்பின்னு வெச்சுக்குங்க. கெட ஆரம்பிச்சா தானா சூடேறும், தானா பிடிச்சுக்கும். நெருப்பே வேணாம், இந்த வெயில் போதும். பிடிச்சா தண்ணிக்குள்ள முக்கினாலும் நிக்காது, எரிஞ்சு முடிஞ்சாதான் உண்டு. புகை விஷம். மொதல்ல அந்த ரூமை விட்டு வெளிய வாங்க. வீட்டுல இருக்கற அத்தனை பேரையும் வெளிய கொண்டுபோங்க. ஃபயர் சர்வீஸுக்கு சொல்லுங்க."

"பிளாஸ்டிக்கு சுத்தி வெச்சிக்கீதுங்க."

"பிளாஸ்டிக்கா! எத்தனை சுத்து?"

எழிலரசி பார்த்தாள். "எண்ண முடியலங்க."

"ஐயோ. அது மூச்சு விடணும்மா. அதுலேர்ந்து வர்ற ஆவி வெளிய போகலைன்னா, அந்த ஆவியே அதைத் தின்னும். ஏழு நிமிஷத்துக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேனே, எல்லாம் அதுல சொன்னேனே. தீப்பிடிக்கும்னு ஃபோன்லயும் சொன்னேன் அவர்கிட்ட."

"அவருக்குத் தெரியுமா? தீப்பிடிக்கும்னு?"

"போன மாசமே சொல்லிட்டேன்."

எழிலரசி கதவுப் பக்கம் திரும்பினாள். ஒரு மாதமாகத் தெரிந்திருக்கிறது. ஒரு மாதமாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், அவனோடு படுத்திருக்கிறாள். இதற்கு நேர் கீழ் அறையில் பிள்ளை தூங்கியிருக்கிறான். அழுவதற்கு அப்போது நேரம் இல்லை. அழுகையை அப்படியே விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"துரை! உள்ள கீறவங்கள எழுப்பு. எல்லாரும் கீழ எறங்குங்க. பையி, போனு ஒண்ணும் எடுக்காத. அப்படியே எறங்கு."

"எக்கா, மாக் டிரில் நடத்துதியளா?" கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த ஒருவன் சிரித்தான்.

"டிரில் இல்லடா. எறங்கு!"

அந்தக் குரலைக் கேட்டதும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. எழிலரசி கீழே மெயினை இறக்கினாள். இனியவனை ஈரத்தோடு அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சமையல் சிலிண்டரை இசக்கிதுரை தோளில் ஏற்றினான். இரண்டு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டினாள். எதிரில் அறுபதடி தள்ளி ஒரு புங்கமரம். அதன் நிழலில் கோவிந்தம்மாவின் இட்லிக்கடை. எல்லோரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். தீயணைப்புக்கு அடித்ததில், வண்டி வேறொரு லாரித் தீக்குப் போயிருப்பதாகவும், அடுத்த ஊரிலிருந்து அனுப்புவதாகவும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றும் சொன்னார்கள்.

"வரிசையா நில்லுங்கடா" என்றாள் எழிலரசி.

நான்கு பேர் நின்றார்கள். மூன்று பேர் பகல் வேலையில். சந்தனமாரி டபுள் ஷிப்ட்.

"எட்டு சரியாப் போச்சுக்கா" என்றான் இசக்கிதுரை. "அவன ரெண்டரைக்குத்தான் விடுவாவ."

எழிலரசி அவர்கள் கால்களைப் பார்த்தாள். நான்கு பேரும் வெறுங்காலோடு கொதிக்கிற மண்ணில் மாறி மாறி நின்றார்கள். பிறகு வீட்டைப் பார்த்தாள். படியடியில் சேஃப்டி ஷூக்கள் ஜோடி ஜோடியாக இருந்தன. விரல் விட்டு எண்ணினாள். ஐந்து ஜோடி.

"அந்த ஓரத்து ஷூ யாருது? கயிறு செவப்பா கீதே?"

இசக்கிதுரையின் முகம் வெளுத்துவிட்டது. "அது சந்தனமாரிக்குள்ளதுக்கா. எப்ப வந்தான்? உள்ள அவன் இல்லயே!"

"வாடை தாங்காம தண்ணி டேங்க் பின்னால போய் படுத்திருப்பான்" என்றான் இன்னொருவன். "ஞாயித்துக்கிழமகூட அங்கதான் படுத்தான்."

தண்ணீர்த் தொட்டி இருந்தது சின்ன அறைக்குப் பின்புறம். அங்கே போக வேண்டுமானால் அந்த அறைக் கதவை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். "சந்தனமாரீ! ஏலே!" என்று நான்கு பேரும் கத்தினார்கள். இரவு முழுக்கவும் அதற்கு மேலும் நின்றுவிட்டுப் படுத்தவன். பதில் இல்லை.

எழிலரசி பிள்ளையைக் கோவிந்தம்மாவின் கையில் கொடுத்தாள்.

"நீ போவாத எழிலு, ஆம்பளப் பசங்க கீறாங்க இல்ல" என்றாள் கோவிந்தம்மா.

"அவங்களுக்கு அங்க எது இன்னான்னு தெரியாது அக்கா. நான் போயிட்டு வந்துட்றேன்."

முந்தானையைக் கடைத் தொட்டியில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு ஏறினாள். பன்னிரண்டு படி. தினமும் ஏறுகிற படிதான், அன்று தீர்ந்தபாடில்லை. சின்ன அறை திறந்தே கிடந்தது. உள்ளே பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். கடைசிப் பொட்டலத்தின் டேப் ஓரத்தில் தேன் நிறத்தில் நுரை கசிந்துகொண்டிருந்தது. சுவரோடு ஒட்டி நகர்ந்தாள். தொட்டி நிழலில் சந்தனமாரி பாயில் குப்புறக் கிடந்தான், காதில் தொழிற்சாலைப் பஞ்சு அடைப்பான்.

முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"எந்திரிடா! வூடு பத்திக்கப் போவுது!"

"ஏ, யாரு... எக்கா? பாதி சிப்ட்டுலயே விட்டுட்டாவக்கா..."

"ஷிப்ட்டு மயிராச்சு! வா!"

கைப்பிடியாக இழுத்துக்கொண்டு வந்தாள். கதவைத் தாண்டும்போது அவனுக்கு இருமல் வந்தது. "மூச்சு வுடாத, வுடாத" என்று சொல்லிக்கொண்டே அவனைப் படியில் தள்ளினாள். மரத்தடிக்கு வந்து சேர்ந்ததும் மறுபடியும் எண்ணினாள். ஐந்து. 

மெர்சிக்குச் சொன்னாள். "போதும்மா, யாரும் திரும்ப ஏறாதீங்க. ரீல் போனா போகுது. நான் கிளம்பிட்டேன்" என்றாள் மெர்சி. "ஒருவேளை ஃபயர்காரங்க எடுத்துக் கொடுத்தா, திறந்த இரும்பு டிரம்ல தண்ணி ரொப்பி உள்ள அமுக்கி வைக்கச் சொல்லுங்க. சூடு இறங்கும், பிடிக்காம இருக்கும். மூடி மட்டும் போடக்கூடாது. ஆனா நீங்க போகாதீங்க." கோவிந்தம்மாவின் பழைய எண்ணெய் டிரம்மை உருட்டிக் கொண்டுவந்து வெட்டவெளியில் நிறுத்தித் தண்ணீர் ரொப்பினார்கள். கோவிந்தம்மா ஆளுக்கு ஒரு சொம்பு நீர்மோர் கொடுத்தாள். யாருக்கும் இறங்கவில்லை. தெரு மொத்தமும் அந்தத் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இரண்டே முக்காலுக்குக் கம்பெனி பஸ் திரும்பியது. நீலச் சட்டையில், இடுப்பில் பேக்கிங் கட்டரோடு டில்லிபாபு இறங்கினான். மரத்தடியில் கூட்டத்தைப் பார்த்தான். டிரம்மைப் பார்த்தான். யாரும் ஒன்றும் சொல்லாமலே அவன் முகம் மாறியது.

"பொட்டிய திறந்தியா எழிலு?"

அதுதான் அவன் கேட்ட முதல் வார்த்தை. பிள்ளை எங்கே என்று கேட்கவில்லை. எழிலரசி அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

"தீப்பிடிக்கும்னு உனக்கு ஒரு மாசமா தெரியும். ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ தூக்கி வெளிய போட்டுருவ."

"போடுவேன். எட்டு புள்ளைங்க தூங்குற எடம். நம்ம புள்ள கீற எடம். போடாம?"

"பீடி, சிகரெட்டு கிட்ட போவக்கூடாதுன்னு அந்தம்மா சொன்னாங்க. அதுக்குத்தான் ஒரு பொறி உள்ள போவாதமாரி கட்டி வெச்சேன். என் பேக்கிங்ல காத்தே போவாது, தெரியுமா?"

"அதான்யா வெனையே! அந்தம்மா ஏழு நிமிஷம் பேசி அனுப்பிச்சாங்களாமே, முழுசா கேட்டியா?"

டில்லிபாபு தலையைக் குனிந்தான். "பஸ்ஸுல வரும்போது போட்டேன். சத்தத்துல பாதி கேக்கல. அப்புறம் கேட்டுக்கலாம்னு வுட்டேன்."

சொல்லி முடித்தவன் சட்டென்று வீட்டைப் பார்த்து ஓடினான். தடுப்பதற்குள் மாடிக்குப் போய்விட்டான். கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பொட்டலங்களோடு இறங்கி வந்து டிரம்மின் முன்னால் நின்றான்.

"தண்ணியில போட்டா படம் கரைஞ்சு பூடும் இல்ல?"

"பூடும்" என்றாள் எழிலரசி. "போடு."

கட்டரை எடுத்துத் தன் சுற்றைத் தானே கிழித்தான். எந்த இடத்தில் டேப் முடிகிறது என்று அவனுக்குத்தான் தெரியும். ஒரே இழுப்பு. டப்பாவின் துரு கையோடு வந்தது. தண்ணீரில் அமுக்கினான். இரண்டாவதையும் அமுக்கினான். கண்ணில் நீர் வழிந்தது. புகைச்சலால் என்று யாரும் நினைக்கவில்லை. "போதும்யா, வா" என்று எழிலரசி கெஞ்சினாள். மறுபடியும் ஓடி இன்னும் இரண்டைக் கொண்டுவந்தான். அவையும் தண்ணீருக்குள் போயின.

ஐந்தாவதுக்கு அவன் நான்காம் படியில் கால் வைத்தபோது எழிலரசி பின்னாலேயே ஓடி அவன் காலரைப் பிடித்துவிட்டாள்.

"விடு, ஒண்ணே ஒண்ணு!"

"அது உப்பிக் கீதுய்யா! நுரை தள்ளுது! வேணாம்!"

"எங்கப்பன் பொட்டிடி!"

"உன் புள்ளைக்கு நீ அப்பன்டா!"

சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. இழுத்த வேகத்தில் இருவரும் படியிலிருந்து மண்ணில் விழுந்தார்கள். அந்த நேரத்தில்தான் மேலே குக்கர் ஆவி பிரிகிற மாதிரி ஒரு நீண்ட சீறல் கேட்டது. சின்ன அறை ஜன்னலிலிருந்து மஞ்சள் புகை கொப்பளித்தது, அதன் பின்னால் தீ. ஒரு ஷீட் மடங்கி எழுந்தது. இசக்கிதுரை வாளித் தண்ணீரை வீசினான். தீ அதைச் சட்டைகூடச் செய்யவில்லை.

"தண்ணி வோணாம்டா! வா இப்டி! புகை விஷம், காத்துக்கு எதிர்ப்பக்கம் வாங்க எல்லாரும்!" என்று எழிலரசி கணவனை இழுத்துக்கொண்டே கத்தினாள்.

நான்கு நிமிடம்கூட இருக்காது. ஒரே ஒரு டப்பா. சின்ன அறையை முடித்து, பெரிய அறையின் பாதியைத் தின்று, பிறகு பழைய கட்டில், பாய்களின் சாதாரணத் தீயாக இறங்கியது. அதை வந்து சேர்ந்த தீயணைப்பு வண்டி பத்து நிமிடத்தில் அணைத்தது. தண்ணீர்த் தொட்டி உருகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதன் பின்னால் விரித்திருந்த பாய் இல்லை. சந்தனமாரி அந்த இடத்தைக் கீழேயிருந்தே பார்த்தான், பிறகு எழிலரசியைப் பார்த்தான், கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

எழிலரசியின் கைப்பேசி அடித்தது. மெர்சி.

"பாதி வழி வந்துட்டேன்மா. எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"ஆளுங்க நல்லா கீறோம். ஒண்ணு எரிஞ்சு பூச்சு. நாலு தண்ணியில கீது."

"அப்ப இன்னொண்ணு?"

"எந்த இன்னொண்ணு? அஞ்சுதாங்களே."

"இல்லம்மா. அவர் அனுப்பின போட்டோவுல ஆறு டப்பா இருக்கு. எண்ணி வெச்சிருக்கேன். ஆறு."

எழிலரசி கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. டில்லிபாபுவைப் பார்த்தாள். பொத்தானில்லாத சட்டையோடு அவன் தரையைப் பார்த்தான். பிறகு வீட்டுப் பக்கம் பார்த்தான். மாடியை இல்லை, கீழே, அவர்கள் படுக்கிற அறையை.

"எங்க?" என்றாள்.

"பீரோவுல."

"பீரோவுல எங்க?"

"கீழ்த் தட்டுல. இனியவன் துணிக்கு அடியில."

கோவிந்தம்மாவின் மடியில் இனியவன் மோர்ச் சொம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தினமும் இரவு அந்த பீரோவை ஒட்டித்தான் அவனுக்குப் பாய் விரிப்பாள் எழிலரசி.  மாடி எரிந்தபோதும் வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறானே, இவன் என்ன மனிதன் என்று நினைத்தாள்.

தீயணைப்புக்காரர் ஒருவர் டில்லிபாபுவோடு உள்ளே போய்க் கொண்டுவந்தார். டப்பா சூடில்லை. வாடையில்லை. மாம்பழ நிறச் சுங்குடிச் சேலை ஒன்றில் தளர்வாக முடிந்திருந்தது. பதினைந்து நாளாக எழிலரசி தேடிக்கொண்டிருந்த சேலை.

மெர்சி நாலரை மணிக்கு வந்தாள். கண்ணாடி போட்ட, ஒடிசலான பெண். முதலில் டிரம்மைப் பார்த்து, மூடாமல் அப்படியே இருக்கட்டும், அழிப்பதற்கு ஆள் வரும் என்றாள். பிறகு நிழலில் துணி விரித்து, கையுறை போட்டுக்கொண்டு ஆறாவது டப்பாவின் மூடியை மெதுவாக எடுத்தாள். சுருள் இறுக்கமாக, கருத்த பளபளப்போடு இருந்தது. முனையை வெளிச்சத்தில் பிடித்தாள். மெர்சியின் உதடு லேசாகத் திறந்தது.

"நல்லா இருக்கு" என்றாள். "இது தப்பிச்சிடும். பீரோ ரூம்ல தகரம் இல்ல, மேல காங்கிரீட், அதுவே பாதி காப்பாத்தியிருக்கு. மீதி இந்தப் பருத்தித் துணி." டில்லிபாபுவை நிமிர்ந்து பார்த்தாள். "ஏங்க, இதை மட்டும் ஏன் பிளாஸ்டிக் சுத்தல?"



"ரோல் தீந்து பூச்சுங்க" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இந்தப் பக்கத்து நிறுவனங்களில் இவனைப்போலச் சுற்றுகிறவன் இல்லை என்று பெயர் வாங்கிய கைகள். அவை தொட்டுக் கட்டிய ஐந்தும் போயின. கட்டாமல் விட்டது ஒன்றுதான் நிலைத்தது. அதைப் பார்த்தபோது எழிலரசிக்கு ஒரு கணம் அவன்மேல் இரக்கம் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மெர்சி டப்பாவை ஐஸ் வைத்த பெட்டியில் ஏற்றிக்கொண்டு, அப்பாவின் பெயர் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டு கிளம்பினாள். தீயணைப்புக்காரர்கள் குழாயைச் சுருட்டினார்கள். பகல் வேலைக்குப் போன மூன்று பேரும் வந்து சேர்ந்து, கருகிய மாடியைப் பார்த்து நின்றார்கள். அன்றிரவு எல்லோரும் கோவிந்தம்மாவின் கடையிலேயே படுத்துக்கொள்வது என்று ஆயிற்று. அதற்கு முன் கீழறையில் மிஞ்சியதை எடுக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளைக்குப் பசி.

"எக்கா, உள்ள போலாமா?" என்று இசக்கிதுரை கேட்டான்.

டிரில்லில் அப்படித்தான். சங்கு நின்றாலும் சரி, மேனேஜரே சொன்னாலும் சரி, தலை எண்ணிய மார்ஷல் "ஆல் கிளியர்" என்று வாயால் சொல்லும்வரை ஒருவரும் உள்ளே போகக்கூடாது. எட்டுப் பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

எழிலரசி கணவனிடம் திரும்பினாள்.

"வேற எதுனா கீதா உள்ள?"

"இல்ல எழிலு. சத்தியமா இல்ல. புள்ள மேல சத்தியம்."

"புள்ளய இழுக்காத. இங்கயே நில்லு."

அவள் தனியாக உள்ளே போனாள். பீரோவின் ஒவ்வொரு தட்டாக உதறிப் பார்க்கும் சத்தம் கேட்டது. கட்டிலை நகர்த்தினாள். அரிசி டின்னைத் திறந்து மூடினாள். பிளாஸ்டிக் கிழிபடும் சத்தம் நீளமாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ரிமோட், ஆல்பம், நாற்காலி, மிக்சி எதையும் அவள் விடவில்லை. வெளியே டில்லிபாபு மாடி ஆட்களின் வரிசையில் ஒன்பதாவதாக, கொதி அடங்காத மண்ணில் நின்று, மனைவி வந்து சொல்வதற்காகக் காத்திருந்தான்.